ஈட்டியின் மேல் நின்றவர்

மாதம் பிறந்த அன்று காலையில் வெத்தியா அடுப்பங்கல்லைத் துடைத்து, பூமாலை சாத்தி, உப்பு மாவுக் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். அவள் புருஷன் நுமேரியுஸ் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். ஒன்பது வருஷமாக மாதா மாதம் இதே கூத்துதான். வீட்டுத் தெய்வங்களுக்கு மாவு போடும் நேரத்தில் வீட்டுக்காரர் தெருவில் நிற்பார். அவருடைய தம்பி கைசோ உள்ளே வந்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, அண்ணன் போட வேண்டிய மாவை நெருப்பில் போடுவான்.

கைசோ நல்லவன். ஆனால் கை கொஞ்சம் தாராளம். ஒரு சிட்டிகை போடச் சொன்னால் ஒரு பிடி போடுவான். வீடு முழுக்கப் புகை மண்டிவிடும்.

"ஏன் தம்பி, தெய்வத்துக்கு அவ்வளவு பசின்னு உங்ககிட்ட யாரு வந்து சொன்னா?" என்றாள் வெத்தியா கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"குறைஞ்சாத்தான் குத்தம் அண்ணி. கூடினா ஒண்ணும் சொல்லாதுங்க."

வெளியே வேறு கூத்து. கீரைக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்புக் குழந்தையை நுமேரியுஸின் மேலாடையில் ஒரு உரசு உரசி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாவுக்குள்ள போயிட்டுத் திரும்பி வந்த உடம்பு சாமி இது. பட்டா போதும், புள்ளைக்கு ஒரு நோய் அண்டாது."

"வேற யாரையாச்சும் பாரும்மா. எனக்கே கால் நோவுது."

"நீங்க இல்லேன்னா இந்த ஊரு ஏது, இந்தக் கீரை ஏது?"

ஊருக்கு அவர் தெய்வம். சந்தையில் அவர் பெயரைச் சொல்லிச் சத்தியம் பண்ணினார்கள். சொந்த வீட்டு அடுப்பண்டை மட்டும் அவருக்கு இடமில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய் முறையிடுவது?

நடந்தது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மலைநாட்டுச் சாம்னியரோடு சண்டை வந்தது. அந்த வருஷம் ரோமாபுரிப் படைக்குத் தலைவர்கள் இரண்டு பேர், அதில் நுமேரியுஸ் ஒருவர். மூன்று நாளாக விடாத மழை. இடப்பக்கத்துப் படை உடைந்து, ஆட்கள் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி ஒரு நிலைமை வந்தால் தலைவன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லாத் தலைவர்களுக்கும் அது தெரியும், செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நுமேரியுஸ் படையோடு வந்திருந்த பூசாரி ஒப்பித்தேரைக் கூப்பிட்டார். மேலாடையால் தலையை மூடிக்கொண்டு, மோவாயில் கையை வைத்து, தரையில் கிடத்திய ஈட்டியின் மேல் நின்றார். பூசாரி சொல்லச் சொல்ல இவரும் சொன்னார். எதிரியின் படையையும் என்னையும் சேர்த்துப் பூமிக்கும் பாதாளத்துத் தெய்வங்களுக்கும் கொடுத்துவிட்டேன் என்றார். சொல்லி முடித்ததும் குதிரை ஏறி, தன்னந்தனியாக எதிரிக் கூட்டத்துக்குள் பாய்ந்தார்.

ஓடிக்கொண்டிருந்த நம் ஆட்கள் அதைப் பார்த்து வெட்கம் பிடுங்கித் தின்னத் திரும்பினார்கள். சாம்னியர் மிரண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் வெற்றி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றைத் தவிர. நுமேரியுஸ் சாகவில்லை. தொடையில் ஒரு குத்தோடு, நாலு பிணங்களுக்கு அடியிலிருந்து மறுநாள் காலையில் அவரை உயிரோடு இழுத்தெடுத்தார்கள்.

நேர்ந்துவிட்ட கிடா அறுபடாமல் வீட்டுக்குத் திரும்பிவந்த மாதிரி ஆகிவிட்டது. தலைவன் தனக்குப் பதிலாக ஒரு சிப்பாயைக் கொடுத்து, அந்தச் சிப்பாய் பிழைத்துவிட்டால் அதற்கு வழி இருக்கிறது. ஏழடியில் ஒரு பொம்மை செய்து, அவனுக்குப் பதிலாக மண்ணில் புதைத்துவிடுவார்கள். விஷயம் முடிந்தது. தலைவன் தன்னையே கொடுத்திருந்தால் பரிகாரமே கிடையாது. அவன் உண்ணலாம், உறங்கலாம், தெருவில் நடக்கலாம். பூசை மட்டும் அவன் கையால் ஆகாது, ஊருக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. பாதாளத்துக்குக் கொடுத்த கையால் மேலே இருக்கும் தெய்வத்துக்கு மாவு போட்டால் எந்தத் தெய்வம் வாங்கிக்கொள்ளும்?

வெற்றி ஊர்வலத்தின் முடிவில் ஜூபிடர் கோயிலில் காளை வெட்ட வேண்டும். ஆகவே இன்னொரு தலைவர்தான் ரதத்தில் போனார். ஜெயித்துக் கொடுத்தவர் கூட்டத்தோடு கூட்டமாக, கக்கத்தில் கோலை இடுக்கிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். பூசை போடாமல் படையை ஓர் அடி நகர்த்த முடியாது. அதனால் அதன்பிறகு அவருக்குப் படையும் இல்லை. முப்பத்தெட்டு வயசில் எல்லாம் முடிந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்துப் பேசியது வெத்தியாவிடம் மட்டும்தான். அதிலும் முக்கியமாக அவள் காதை வைத்து. வெத்தியாவுக்குப் பொய் சொல்ல வராது. வாய் சொல்லிவிடும், காது காட்டிக்கொடுத்துவிடும். நுனி இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிடும்.

"இந்த மீனு இன்னிக்கு வாங்கினதா?" என்பார் சாப்பிட உட்கார்ந்ததும்.

"இன்னிக்குத்தான். ஆத்துலேர்ந்து இப்பத்தான் வந்துச்சு."

"டேய் கைசோ, உங்க அண்ணி காதைப் பாருடா. மீனு முந்தாநாளு."

கைசோ பார்ப்பான். பார்த்துவிட்டு, "ஆமாண்ணா, முந்தாநாளுதான்" என்பான். மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் இருந்த சிரிப்பெல்லாம் அவ்வளவுதான்.

அவர் திரும்பி வந்த பிறகு வெத்தியாவுக்கு ஒரு பையன் பிறந்தான். எட்டாம் நாள் இறந்துபோனான். ஒன்பதாம் நாள்தான் பெயர் வைப்பது வழக்கம் என்பதால் பெயர்கூட இல்லாமல் போனான். பிறகு ஒரு கோடையில், ஆற்றோரத்துக் காய்ச்சல் வந்து பெரிய பெண் பாப்பிலியா போனாள். எட்டு வயசு. குழியில் முதல் பிடி மண்ணைக் கைசோதான் போட்டான். பெற்றவர் இருபது அடி தள்ளி, ஒரு அத்திமரத்தடியில் நின்றார். கையில் ஒரு பிடி மண்ணை எடுத்து வைத்திருந்தார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து. வீடு வந்து சேரும்வரை அதைக் கீழே போடவில்லை. வெத்தியா பார்த்தாள்.

மிச்சம் இருந்தது சின்னவள் ஒருத்தி. அவளும் பாப்பிலியாதான். ரோமாபுரியில் நாம் பெண்ணுக்குக் குலப் பெயரைத்தானே வைப்போம். பெரியவள் போனபிறகு சின்னவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே வெத்தியாவுக்கு நாக்கு எழவில்லை. சின்னக்குட்டி என்றுதான் கூப்பிடுவாள். அப்பா போர்க்களத்தில் ஈட்டி மேல் நின்றபோது அவள் அம்மா வயிற்றில் இருந்தாள். இப்போது ஒன்பது நடக்கிறது, வாயாடி.

அந்த மாதப் பிறப்புக்கு நாலாம் நாள் சின்னக்குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. பெரியவளுக்கு வந்த அதே காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. முட்டைக்கோஸ் சாறு, பூண்டு, ஒட்டடைக் கட்டு, எல்லாம் பார்த்தாகிவிட்டது. கைசோ இரண்டு தெய்வங்களுக்குப் பன்றி வெட்டினான். காய்ச்சல் இறங்கவில்லை. நுமேரியுஸ் அறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வந்து பாருங்களேன்" என்றாள் வெத்தியா. இரண்டு நாளாகத் தூங்காத குரல்.

"இல்ல. கைசோ பூசை போட்ட எடம். நான் மிதிக்க வேணாம்."

அவ்வளவுதான், வெத்தியாவுக்கு உள்ளே என்னவோ அறுந்துவிட்டது.

"மிதிக்க வேணாமா? நீங்க மிதிக்காத எடத்துலயும் வந்து எடுத்துக்கிட்டுத்தானே போறாங்க! உங்களைக் கொடுக்கிறேன்னு சொன்னீங்க. கொடுக்கலை. வந்து நிக்கிறீங்க. அவங்க சும்மா இருப்பாங்களா? என் வயித்துல இருந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கிறாங்க."

"வெத்தியா..."

"பேரு வைக்காத புள்ளை ஒண்ணு. பெரியவ ஒண்ணு. இப்ப இவ. நீங்க மட்டும் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறீங்க. அன்னிக்கே செத்திருந்தீங்கன்னா என் பொண்ணுங்க ரெண்டும் நல்லா இருந்திருக்கும்!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நுமேரியுஸ் கோபப்படவில்லை. தான் வெகுநேரமாகத் தேடிக்கொண்டிருந்த பொருளை யாரோ எடுத்துக் கொடுத்தது போல அவளைப் பார்த்தார்.

"நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "சொல்ல தைரியம் இல்லாம இருந்துச்சு. நீ சொல்லிட்ட."

சாம்னியர் மறுபடி கிளம்பியிருந்தார்கள். புதுத் தலைவரின் படை மறுநாள் காலையில் புறப்படுகிறது. நுமேரியுஸ் சாதாரணச் சிப்பாயாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார். ஊரே கொண்டாடும் மனுஷன் கேட்கும்போது எந்தத் தலைவர் மாட்டேன் என்பார்? காலையில் பழைய மார்க்கவசத்தைக் கட்டிக்கொண்டார். வார் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. அடுப்பண்டை வந்தார். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் வந்தது அன்றைக்குத்தான். கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்தார், நெருப்பைப் பார்த்தார், மறுபடி கிண்ணத்திலேயே போட்டு விரலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை போடணும்னு ஆசை. போகட்டும், புள்ளை நல்லாகட்டும்."

வெத்தியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போக வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு பாப்போம்" என்றார் அவர், விளையாட்டாகத்தான்.

"போக வேணாம்" என்றாள் அவள்.

அவர் அவள் காதைப் பார்த்தார். சிவந்திருந்த நுனியை இரண்டு விரலால் மெல்லத் தொட்டார்.

"பாத்தியா" என்றார் சிரித்துக்கொண்டே. அப்புறம் கோலை வீசிப்போட்டுவிட்டு, ஈட்டியை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

அவள் பின்னால் ஓடவில்லை. ஓடியிருக்கலாம். தெருமுனை வரைக்கும் கூப்பிடு தூரம்தான். உள்ளே பிள்ளை முனகிக்கொண்டிருந்தது.

அவர் போன ஆறாம் நாள் சின்னக்குட்டிக்கு வேர்த்தது. பாய் நனைய நனைய வேர்த்தது. மறுநாள் அடுத்த முறைக்காய்ச்சல் வர வேண்டிய வேளையில் அது வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, "பாலாடைக்கட்டி போட்டுக் கஞ்சி கொடு, சும்மாக் கஞ்சி வேணாம்" என்றாள். வெத்தியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிள்ளை பிழைத்ததற்கு அழுதாள். அது பிழைத்ததற்கு என்ன அர்த்தம் என்பதற்கும் சேர்த்து அழுதாள். அவர் முடிந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? அன்று முழுக்கத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தாள். அக்கம்பக்கத்தார் வந்து, பாதாளத்துத் தெய்வங்கள் வாக்கு மாறுவதில்லை என்று சொல்லிச் சொல்லி ஆறுதல் பண்ணினார்கள்.

மூன்று நாள் கழித்து, படைக்குத் தானியம் ஏற்றிப் போகத் திரும்பிவந்த கோவேறு கழுதைக்காரன் ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா செய்தி சொல்லச் சொன்னாரு. நல்லா இருக்காராம். புள்ளை எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"எப்ப பாத்த?" வெத்தியா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"நேத்திக்கு முந்தின நாளு காலையில. கூழு குடிச்சுக்கிட்டிருந்தாரு. சண்டை எங்கம்மா? ஆறு பொங்கி ஓடுது, ரெண்டு பக்கமும் கரையில உக்காந்து ஒருத்தன ஒருத்தன் திட்டிக்கிட்டிருக்கானுங்க. தண்ணி வடிய இன்னும் அஞ்சாறு நாளு ஆகும்."

கழுதைக்காரன் போன பிறகும் வெத்தியா வாசலிலேயே நின்றாள். நேற்றுக்கு முந்தின நாள் அவர் கூழ் குடித்திருக்கிறார். காய்ச்சல் விட்டது அதற்கும் முந்தின நாள். அவர் சாகவில்லை, பிள்ளை பிழைத்துவிட்டது. அப்படியென்றால் யார் யாரைக் கேட்டு யாரை விட்டார்கள்? ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் விடுகிற தெய்வங்கள் முதல் இரண்டை ஏன் எடுத்தன? இதைக் கேட்க ஊரில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. வாசலைச் சாத்தக்கூட மறந்துவிட்டுக் கிளம்பினாள்.

பூசாரி ஒப்பித்தேர் குன்றின் அந்தப் பக்கம் இருந்தார். பார்வை முக்கால்வாசி போய்விட்டது. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தடவித் தடவி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதுமே அவர் கை நின்றுவிட்டது.

"என்னிக்காவது நீ வருவேன்னு தெரியும்மா" என்றார். "இவ்வளவு நாளு ஏன் வரலைன்னுதான் நெனச்சேன்."

"புள்ளை பொழைச்சிருச்சு. அவரு இன்னும் உசிரோட இருக்காரு. இது எப்படி ஆகும்? நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, நீங்களே சொல்லுங்க."

கிழவர் உரித்த மொச்சையை விரலால் அளைந்துகொண்டே இருந்தார்.

"அன்னிக்கு மழைம்மா. முழங்கால் மட்டும் சேறு. நான் ஈட்டியக் கீழ போட்டேன். அவரு ஏறி நின்னாரு. பாதி சொல்லிக்கிட்டிருக்கும்போது பாத்தேன், ஈட்டி ஒரு பக்கமா வழுக்கிச் சேத்துக்குள்ள போயிடுச்சு. அவரு கால் ரெண்டும் வெறும் மண்ணுல இருந்துச்சு."

வெத்தியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள். பூசையில் ஒரு சின்னப் பிசகு நேர்ந்தாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். புல்லாங்குழல்காரன் நடுவில் நிறுத்திவிட்டால்கூட முதலிலிருந்துதான். இல்லையென்றால் அது செல்லாது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அப்ப அது செல்லாதா?"

"செல்லாது. நிறுத்தி முதல்லேர்ந்து சொல்லச் சொல்லியிருக்கணும். எங்க நிறுத்துறது? நம்ம ஆளுங்க பக்கத்துலயே ஓடிக்கிட்டிருக்கானுங்க. அவருக்குத் தலை மேல துணி, கீழ பாக்கலை. சொல்லிட்டேன், போயிட்டாரு. செத்துடுவாரு, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன்."

"சாகலையே! திரும்பி வந்தாரே! அப்பவாவது வாயைத் தொறக்கக் கூடாதா?"

"ஊரே கூத்தாடிக்கிட்டிருக்கு. தெய்வம் வாங்கிக்கிச்சு, அதான் ஜெயிச்சோம்னு சொல்லுது. அந்தக் கூட்டத்துல போய் பூசை தப்பாப் போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்? இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஒன்பது வருஷம் ஆயிடுச்சு."

"ஒன்பது வருஷம்!" வெத்தியா கத்தினாள். "சொந்தப் பொண்ணுக்கு ஒரு பிடி மண்ணு போட முடியாம மரத்தடியில நின்னாரய்யா. மாசா மாசம் தெருவுல நின்னாரு. நீ இங்க உக்காந்து மொச்சை உரிச்சியா? நீயெல்லாம் நல்லாவா இருப்பே?"

"நல்லாவா இருக்கேன்?" என்றார் கிழவர். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

அவள் சாட்சிக்கு ஆள் கூட்டிவருகிறேன் என்றாள். அவர் வேறு யார் முன்னாலும் சொல்ல மாட்டேன் என்றார். ஊர் அடித்தே கொன்றுவிடும் என்றார். கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அவர் விரலிலிருந்து இரும்பு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "யாரை அனுப்பினாலும் அவருகிட்ட மட்டும் சொல்லச் சொல்லு. மோதிரத்தைப் பாத்தா நம்புவாரு."

நடுப்பகல் வெயிலில் வெத்தியா அழுதுகொண்டே குன்றைத் தாண்டி ஓடி வந்தாள். தலைத்துணி எங்கோ விழுந்துவிட்டது. கைசோவின் வீட்டு வாசலில் வந்து மூச்சிரைக்க நின்றபோது வெயிலில் சிவந்து கன்றிய அவள் முகத்தைப் பார்த்து அவன் பயந்தேவிட்டான். விஷயத்தை இரண்டு தரம் சொன்னாள், மோதிரத்தை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"குதிரை செத்தாலும் பரவாயில்ல தம்பி. ஆத்துல தண்ணி வடியறதுக்குள்ள போயிடணும். வந்து தன் கையால மாவு போடச் சொல்லுங்க. நான் சொன்னது எல்லாம் தப்புன்னு சொல்லுங்க."

கைசோ அரை நாழிகையில் கிளம்பிவிட்டான். சின்னக்குட்டிக்கு அப்பா வரப்போகிறார் என்று சொன்னாள் வெத்தியா. பிறகு வீடு முழுக்கக் கழுவினாள். அடுப்பங்கல்லை மணல் போட்டுத் தேய்த்தாள். கோதுமையைத் தானே வறுத்து, இடித்து, உப்புச் சேர்த்துப் புது மாவு தயார் பண்ணினாள். எத்தனை வருஷம் கழித்தோ அவள் வாய் என்னவோ பாட்டை முணுமுணுத்தது.

பன்னிரண்டாம் நாள் கைசோ வந்தான். குதிரையில் வரவில்லை, அதன் பக்கத்தில் நடந்து வந்தான். குதிரை முதுகில் துணி சுற்றிய ஒரு சாம்பல் சாடி இருந்தது. தெருவில் ஜனம் இரண்டு பக்கமும் நின்று, தலையை மூடிக்கொண்டது. சாடியை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான். சின்னக்குட்டியைப் பக்கத்து வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு போனாள்.

"நேரத்துக்குப் போய்ச் சேர முடியலையா?" என்று கேட்டாள் வெத்தியா. அழுகை வரவில்லை.

"போயிட்டேன் அண்ணி. ரெண்டு நாளு முன்னாடியே போயிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"எல்லாத்தையும் சொன்னேன். புள்ளை பொழைச்சதுன்னதும் ஆளு அப்படியே உக்காந்துட்டாரு. ஈட்டி விஷயத்தைச் சொன்னேன். 'சேறு இருந்துச்சுடா, கால் அமுங்கிச்சு, ஈட்டி இருந்துச்சா இல்லையான்னே நெனவு இல்ல'ன்னாரு. மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் மாவு இருக்கான்னு கேட்டாரு. கொண்டாந்து கொடுத்தேன். கையில எடுத்துட்டாரு அண்ணி. நெருப்புகிட்ட கொண்டு போயிட்டாரு. நான் நெனச்சேன், சரி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டாரு. 'இதை உங்க அண்ணி சொல்றப்ப அவ காது எப்படிடா இருந்துச்சு?'"

வெத்தியாவின் கை தானாகத் தலைக்குப் போனது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குப் பொய் வராதே அண்ணி. செவந்துதான் இருந்துச்சு. செக்கச்செவேல்னு. பாத்ததைச் சொன்னேன்." கைசோ மூக்கை உறிஞ்சினான். "சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை நான் பாத்து ஒன்பது வருஷம் ஆகுது. மாவைத் திரும்பக் கிண்ணத்துலயே கொட்டிட்டாரு. 'பாருடா உங்க அண்ணிய. என்னைக் காப்பாத்த ஒரு கதையைக் கட்டி, அந்தக் கிழவன்கிட்ட மோதிரமும் வாங்கி அனுப்பிச்சிருக்கா. அவளுக்கு நான் வேணும்டா'ன்னாரு. நான் எவ்வளவோ சொன்னேன். 'நான் கெளம்பி வந்துட்டேன்னுதான் புள்ளைய விட்டிருக்காங்க, திரும்பிப் போனா எடுத்துக்குவாங்க'ன்னுட்டாரு. மறுநாளு தண்ணி வடிஞ்சுது. அதுக்கும் மறுநாளு எல்லாருக்கும் முன்னால இறங்கிப் போனாரு, நொண்டிக்கிட்டே. அக்கரையில ஏறினதும் விழுந்தாரு. அதைப் பாத்துட்டு நம்மாளுங்க வெறி புடிச்சாப்புல போயி ஜெயிச்சுட்டானுங்க."

தெருவில் ஜனம் சேர்ந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. யாரோ அவர் பெயரை உரக்கச் சொன்னார்கள், கூட்டம் திருப்பிச் சொன்னது.

கைசோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். இத்தனை நாள் வழியெல்லாம் சுமந்து வந்த கேள்வி அவன் முகத்தில் அப்படியே இருந்தது.

"அண்ணி, அது நீங்க கட்டின கதைதானே? அண்ணன் சொன்னதுதானே சரி? இல்லேன்னா... நான் வேற மாதிரி சொல்லியிருந்தா அவரு..."

தாராளமான அந்த இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவன் மாதிரி அவளைப் பார்த்தான். வெத்தியா சாடியைப் பார்த்தாள். புது மாவுக் கிண்ணத்தைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள்.

"கதைதான் தம்பி" என்றாள். "நான் கட்டினதுதான். கிழவன்கிட்ட கெஞ்சி மோதிரம் வாங்கினேன். உங்க அண்ணனுக்குத் தெரியாததா?"

சொல்லும்போதே தலைத்துணியை முன்னால் இழுத்து, இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.

கைசோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஆனால் அவன் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். அதன்பிறகு வெத்தியா வீட்டுக்குள்கூடத் தலைத்துணியை எடுப்பதில்லை. கொளுத்துகிற கோடையிலும், அடுப்பண்டை புகையிலும், சின்னக்குட்டி மடியில் படுத்துக்கொண்டு, "அப்பா எனக்காகத்தானே போனாரு?" என்று கேட்கும்போதும் அது அவள் காதின் மேலேயே இருந்தது. பெரிய மனுஷனின் பெண்டாட்டி, துக்கம் காக்கிறாள் என்று ஊர் சொல்லிக்கொண்டது.